பாக்கெட்டில் வந்த அம்மா

அந்த ஜாக்கெட் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பைக் ஓட்டுகிறவர்கள் போடும் தடித்த கறுப்பு ஜாக்கெட். தோளுக்கும் முழங்கைக்கும் உள்ளே கெட்டியான பட்டை வைத்துத் தைத்தது. என் வீட்டுக்காரர் அதைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். அவர் வாசலுக்கு வருவதற்குள் அதன் வாடை சமையலறைக்கு வந்துவிட்டது.

வாடை விஷயத்தில் நான் கொஞ்சம் பொல்லாதவள். கீழே எங்கள் சலவைக் கடை, மேலே வீடு. ஊர் அழுக்கையெல்லாம் துவைத்துப் பிழைக்கிறவளுக்கு இவ்வளவு அருவருப்பு ஆகாது என்பார் அவர். எனக்கோ அழுக்கைப் பார்க்கப் பார்க்கத்தான் அருவருப்பு கூடியது. அடுத்தவர் டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன், என் வீட்டுக்காரர் கடித்து வைத்த பழத்தைக்கூடத் தொட மாட்டேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் சோப்பு.

"எங்கேருந்து பொறுக்கிட்டு வந்தீங்க இதை?"

"பழைய வண்டி உடைக்கிறாரே, அவர் கடையில. ஒரு கீறல் இல்ல பாரு, சோப்பு."

"ஆக்சிடென்ட் ஆன வண்டியோட வந்ததா?"

"எந்த வண்டியோட வந்தோம்னு ஜாக்கெட்டுக்கு என்ன தெரியும்? துவைச்சா எல்லாம் ஒண்ணுதான்."

ஈரத் துணியை மூட்டையிலேயே மறந்துபோனால் என்ன வாடை வரும் என்று எனக்குத் தெரியும். வியர்வை, ரத்தம், வாந்தி எல்லாம் எங்கள் கடை பார்த்ததுதான். இது வேறு. குழந்தை ராத்திரியெல்லாம் எச்சில் ஒழுக்கிய தலையணையை முகர்ந்திருக்கிறீர்களா? அந்த வாடை. ஆனால் குழந்தை வாயிலிருந்து வந்தது அல்ல. வயதான, பல் கெட்ட, வெறும் வயிற்று வாயிலிருந்து வந்தது.

இரண்டு முறை துவைத்தார். மொட்டை மாடியில் வெயிலில் போட்டார். மற்ற இடமெல்லாம் மொறமொறவென்று காய்ந்தது. கழுத்துப்பட்டை மட்டும் காயவே இல்லை. தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அன்றைக்குக் கையை எத்தனை தடவை கழுவினேன் என்று எனக்கே தெரியாது.

ஜாக்கெட்டின் இடது மார்புப் பக்கம், வெளியே தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடித் தாள் பை. பைக் ஓட்டுகிறவர்கள் அவசரத் தகவல் அட்டை வைப்பதற்கென்றே தைத்தது. அதற்குள் முன்பு போட்டிருந்தவனின் அட்டை இருந்தது. பெயர் இருந்த இடம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. ரத்த வகை தெரிந்தது. ஆகாத மருந்து: எதுவும் இல்லை. அவசரத்துக்குக் கூப்பிட: அம்மா. பக்கத்தில் ஒரு நம்பர்.

"தூக்கிப் போடுங்க இதை," என்றேன்.

"அடுத்தவங்க பொருள். நாமளா தூக்கிப் போடக் கூடாது."

இது எங்கள் தொழில் வழக்கம். துவைக்க வந்த துணியின் பாக்கெட்டில் சாவி, பட்டன், பேருந்து டிக்கெட், கசங்கிய காகிதம் எது இருந்தாலும் எடுத்துத் தனியே வைப்பார். துணி காய்ந்து தேய்த்து மடித்ததும் எது எந்தப் பாக்கெட்டில் வந்ததோ அதே பாக்கெட்டில் திரும்ப வைப்பார். அவர் கை அப்படிப் பழகிப்போயிருந்தது. அந்த அட்டையையும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

வலிக்குப் போடுகிற ஊசி ஒன்று அவருக்கு ஆகாது. முன்பு ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில் அதைப் போட்டு, முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சுக் குழாய் அடைத்து, என் மடியில் கிடந்து திணறினார். அன்று தப்பியது பெரிய விஷயம். அதிலிருந்து நான் ஓதாத நாள் இல்லை. பேர், ரத்த வகை, ஆகாத ஊசி, என் நம்பர். நாலு வரி எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுங்கள் என்பேன். "நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, அட்டை மாட்டிக்க? வாய் இருக்கு, சொல்லிக்குவேன்," என்பார். மயங்கிக் கிடக்கிறவன் எந்த வாயால் சொல்லுவான் என்று கேட்டால் சிரிப்பார்.

கடைசியில் நானே எழுதி, தண்ணீர் படாமல் தாள் ஒட்டிக் கொடுத்தேன். "ஜாக்கெட்ல வச்சுட்டேங்க மேடம்," என்றார். நம்பினேன்.

வைத்தது உண்மைதான். அந்தப் பழைய அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், விடுதிகளுக்குக் கொடுக்க வேண்டிய துணி மூட்டையை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு போக்குவரத்துக் காவலர் கடைக்குப் போன் செய்தார். "உங்க துணி மூட்டை மேம்பாலத்துக்குக் கீழ கிடக்கு. வந்து எடுத்துக்கங்க."

"மூட்டை கிடக்குதா? ஓட்டினவர் எங்க?"

"அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. வீட்டுக்குச் சொல்லிட்டாங்களாமே?"

யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்படியென்றால் அந்தப் பழைய அட்டையில் இருந்த நம்பருக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். துணி மூட்டைக்குக்கூட எங்கள் கடை நம்பர் எழுதி அட்டை கட்டி அனுப்புகிறவர், தன் உடம்புக்கு மட்டும் அடுத்தவன் அட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆட்டோவில் போகும்போது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஊசி, ஊசி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். அட்டையைப் பார்த்து அந்த ஊசியைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

அவசரப் பிரிவு வாசலில், பதிவு மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க விவரம் சொன்னேன்.

"கறுப்பு ஜாக்கெட் போட்டவரா? ஒண்ணும் பயப்படாதீங்க. கால்லதான் அடி, தலையில லேசா. நினைவு இன்னும் வரல. அவங்க அம்மா கூட இருக்காங்க."

"யாரு?"

"அவங்க அம்மா. அட்டையில இருந்த நம்பருக்குப் போன் போட்டோம். போனை வைக்கறதுக்குள்ள வந்து நின்னுட்டாங்க. பக்கத்துலதான் வீடு போல."

என் மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டவர். அவர் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

கூடத்தில் நல்ல வெளிச்சம். ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள், எங்கோ ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கட்டில்கள். கடைசிக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்து விட்டிருந்தது. அதை நோக்கி நடக்க நடக்க மருந்து வாடை குறைந்து, வேறொரு வாடை ஏறியது.

ஜாக்கெட்டின் வாடை.

துவைக்க முடியாத அந்த வாடை, இப்போது புதிதாக, சூடாக வந்தது.

திரைக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெரியவர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்க ஆளாம்மா? ஏதாவது சொல்லுங்கம்மா. சகிக்கல," என்றார் மெதுவாக.

திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரு சத்தம் கேட்டது.

சவக், சவக்.

யாரோ வாயைத் திறந்து வைத்து மெல்லும் சத்தம்.

நின்றது. ஈரமாக ஏதோ பிய்ந்து வரும் சத்தம். அப்புறம் ஒரு கிசுகிசுப்பு.

"முழுங்கு தங்கம். முழுங்குடா."

திரையை விலக்கினேன்.

என் வீட்டுக்காரர் மல்லாந்து கிடந்தார். பக்கத்து முக்காலியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான முதுகு. படிய வாரிய தலைமுடி எண்ணெய் இல்லாமலே ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மடியில் ரொட்டிப் பொட்டலம், ஓரமெல்லாம் பச்சையாகப் பூத்துப்போன ரொட்டி. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். கன்னம் உள்ளே போய் வெளியே வந்தது. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டையை எடுத்தாள். அதிலிருந்து நூல் நூலாக எச்சில் தொங்கியது. அதை என் வீட்டுக்காரர் வாய்க்குள் வைத்து, கட்டை விரலால் அழுத்தி, அவர் தொண்டையைத் தடவி விட்டாள்.

வாயைப் பொத்திக்கொண்டேன்.

"யாரு நீங்க?"

அவள் திரும்பவில்லை. "ஷ்ஷ். பிள்ளை சாப்பிடுறான்."

"அவர் உங்க பிள்ளை இல்ல. எழுந்திரிங்க."

"போன் வந்துச்சு," என்றாள் அவள். குரல் மெதுவாக, சந்தோஷமாக இருந்தது. "இந்தத் தடவை சரியா வந்துட்டேன்."

அடுத்த துண்டைப் பிய்த்தாள்.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மார்பு ஏறி இறங்கவில்லை. வாய் கொள்ளாமல் அடைத்து, கடைவாய் இரண்டும் வழிந்துகொண்டிருந்தது.

என் அருவருப்பெல்லாம் எங்கே போனதோ. அவளைத் தாண்டிக் கையை நீட்டி, அவர் தலையை என் பக்கம் சாய்த்து, விரலை அவர் வாய்க்குள் விட்டேன். வெதுவெதுவென்று, கொழகொழவென்று இருந்தது. வாரி வாரி வெளியே போட்டேன். வந்துகொண்டே இருந்தது. ஒருத்தர் வாயில் இவ்வளவு எப்படிக் கொள்ளும் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அந்தக் கூழோடு ஒரு நீள நரைமுடி வந்தது. இழுக்க இழுக்கத் தொண்டைக்குள்ளிருந்து வந்தது. கடைசியில் கெட்டியாக ஒன்று விரலில் தட்டியது. எடுத்துப் பார்த்தேன்.

பழுப்பேறிய ஒரு பல்.

அவர் பல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் ஒரு பெரிய மூச்சு இழுத்து இருமினார். என் கையில் முழங்கை வரை அந்தக் கூழ். அந்த நேரத்தில் நர்ஸ் ஒருத்தி ஊசித் தட்டோடு திரைக்குள் வந்தாள்.

"என்ன பண்றீங்க? யார் நீங்க?"

"நான் அவர் பொண்டாட்டி. அது என்ன ஊசி?"

"வலிக்குத்தான். கொஞ்சம் தள்ளுங்க."

ஊசியின் பெயரைக் கேட்டேன். அவருக்கு ஆகாத அதே ஊசிதான். கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன். "இதைப் போட்டா செத்துப்போவார். இவருக்கு ஆகாது."

"அட்டையில ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கே. அவங்க அம்மாகிட்டயும் கேட்டேன். எல்லா மருந்தும் ஒத்துக்கும், தாராளமாப் போடுங்கன்னாங்க."

"அவர் அம்மா செத்து எத்தனையோ வருஷமாச்சு."

"அப்போ இவங்க..." என்று முக்காலியைக் காட்டினாள்.

முக்காலியில் யாரும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடம் ஈரமாகப் பளபளத்தது. திரைக்கு அந்தப் பக்கம் சுவர்தான். அவள் போவதை நானும் பார்க்கவில்லை, நர்ஸும் பார்க்கவில்லை.

அவருடைய பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஜாக்கெட்டை இழுத்து, அந்தக் கண்ணாடித் தாள் பைக்குள் விரலை விட்டேன். முன்னால் இருந்த அட்டை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால், ஒரு கறையும் படாமல், என் கையெழுத்தில் நாலு வரி இருந்தது. நர்ஸ் அதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனாள். போகும் வழியில் அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

அவர் பிழைத்துக்கொண்டார். சாயங்காலமே கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன்.

மறுநாள் அந்த ஜாக்கெட்டை நாலு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, வண்டி உடைக்கிறவர் கடைக்குப் போனேன். அவர் ஒரு இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"இது யாரோடது?" என்று கேட்டேன்.

"ஒரு பையனோடது. வண்டியில இருந்து விழுந்துட்டான். பொழைச்சிருக்க வேண்டியவன்னு சொன்னாங்க. ஆனா அவன் பாக்கெட்டை யாரும் பார்க்கல. அநாதைன்னு ஓரமாப் போட்டுட்டாங்க. அம்மாவுக்கு மறுநாள்தான் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

அவர் கீழே பார்த்துக்கொண்டு பேசினார். "அந்தம்மா பிணவறைக்கு வந்துச்சாம். பிள்ளை பசியோட போயிட்டான்னு சொல்லிச் சொல்லி, ரொட்டியை மென்னு மென்னு அவன் வாயில வச்சுக்கிட்டே இருந்துச்சாம். பிடிச்சு இழுத்தும் வரலையாம். அப்புறம் அந்தம்மாவும் ரொம்ப நாள் உயிரோட இருக்கல."

"தெரிஞ்சேதான் வித்தீங்களா?"

"நான் ஜாக்கெட்டைத்தானேம்மா வித்தேன்," என்றார். அந்தப் பதிலைக் கேட்டபோது வந்த அருவருப்பு, அந்தக் கூழைத் தொட்டபோதுகூட வரவில்லை. நல்லா இருப்பீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜாக்கெட்டையும் அட்டையையும் குப்பை லாரியில் நானே போட்டு, அது நசுங்குகிறவரை பார்த்தேன். வீட்டுக்கு வந்து கை தோல் உரியத் தேய்த்துக் குளித்தேன்.

இதோடு தொலைந்தது என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபின் அவர் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் பார்ப்பார். கஞ்சி கொடுத்தால் வாயை மூடிக்கொள்வார். தாடையில் அடி எதுவும் இல்லை, தொண்டையிலும் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். நான் கெஞ்சினேன். மிரட்டினேன். கடைசியில், எச்சில் டம்ளரைத் தொடாத நான், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கவளத்தை என் வாயில் மென்று எடுத்து அவர் உதட்டில் வைத்தேன். என் உடம்பெல்லாம் கூசியது. அவர் அதை நாக்கால் வெளியே தள்ளினார். அவர் பட்டினி கிடந்தே போய்விடுவார் என்று அன்று முழுக்க அழுதேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். டாக்டர் முள்ளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாத் தேறிட்டாரே. கன்னமெல்லாம் பூசினாப்ல இருக்கு. வேளாவேளைக்கு ஊட்டிவிடுறீங்க போல."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்று காலையில் கீழே கடையில் ஆள் யாரும் இல்லை. இயந்திரங்களை நிறுத்திவிட்டு மேலே வந்தேன். அவர் நாற்காலியில், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வைத்துவிட்டுப் போன தட்டு வைத்தபடியே இருந்தது. அவர் தொண்டை மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது. உதட்டோரம் சாம்பல் நிறத்தில் ஏதோ வழிந்து நின்றது.

துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன்.

என் கை பக்கத்தில் போவதற்குள், அந்த வழிசல் தானாகப் பக்கவாட்டில் இழுபட்டது. கட்டை விரல் ஒன்று அழுத்தித் துடைத்தால் சதை எப்படி அமுங்குமோ அப்படி அவர் கன்னம் அமுங்கி, மெதுவாக விடுபட்டது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த வாய்க்கு உதட்டைத் திறந்தார்.